அத்தையின் உப்புத் தண்ணீர்ச் சோதனை

என் அத்தை காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அரை டம்ளர் தண்ணீரில் நாலு கல் உப்பைப் போட்டுக் கலக்கி வாயில் ஊற்றிக்கொள்வாள். கொப்பளிக்க மாட்டாள். ஒரு கன்னத்தில் கொஞ்ச நேரம், இன்னொரு கன்னத்தில் கொஞ்ச நேரம், அப்புறம் அண்ணாந்து தொண்டைப் பக்கம். கண் மூடியிருக்கும். எரிந்தால் எனக்குப் போன் வரும். எரியவில்லை என்றால் துப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள். எந்த டாக்டரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

அத்தை பாம்பன் சின்னப்பாலத்துக்காரி. முப்பது வருடமாகப் பாசி எடுக்கிறவள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பெண்கள் வள்ளத்தில் கிளம்பிப் போவார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் போடுவார்கள். நான் ராமநாதபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டிப்ளமோ படித்தவன், டாக்டர் கிடையாது. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் இப்போது மாத்திரைச் சீட்டோடு வாட்ஸப்பையும் நீட்டுகிறார்கள். "அண்ணே, கேன்சருக்குப் போடுற செல் ஊசி தோல் வியாதிக்கும் வந்துருச்சாமே?" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அத்தைக்கு வந்ததும் அப்படியொரு தோல் வியாதிதான். கல்லாவில் நின்றுகொண்டு சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2021 மழைக்காலத்தில் அத்தைக்கு வாயில் புண் வந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு என்று அவள் நினைத்தாள், வயிற்றுச் சூடு என்று நான் நினைத்தேன். ஐந்து மாதம் நானே பி காம்ப்ளக்ஸும் தடவுகிற ஜெல்லும் கொடுத்து அனுப்பினேன். குழம்பு எரிகிறது என்று ரசம் சாதத்துக்கு மாறினாள், ரசம் எரிகிறது என்று உப்பில்லாத கஞ்சிக்கு மாறினாள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் கருவாட்டு வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்று படிக்கும்போது எங்களுக்குச் சொல்லித்தான் கொடுத்தார்கள். சொந்த அத்தை என்றதும் பாடம் மறந்துபோனது.

அப்புறம் முதுகிலும் மார்பிலும் கொப்பளம். தொட்டால் உடையும், உடைந்தால் ஆறாது. அக்கி என்று முடிவு செய்து, அக்கி எழுதும் வேளார் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அவர் காவிக் குழம்பைக் கோழி இறகில் தொட்டு எழுத உட்கார்ந்தவர், முதுகைப் பார்த்துவிட்டு இறகைக் கீழே வைத்துவிட்டார். "அக்கின்னா ஒரு பக்கமா வரிசையா வரும். இது ரெண்டு பக்கமும் வந்துருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ஐந்து மாதமாக நான் சொல்லாததை அவர் ஐந்து நிமிடத்தில் சொன்னார். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மதுரையில் தோல் டாக்டர் அதிகம் பேசவில்லை. கொப்பளத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருந்த தோலில் கட்டைவிரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். வெந்த தக்காளித் தோல் போல மேல்தோல் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. நிக்கோல்ஸ்கி என்ற ரஷ்ய மருத்துவர் 1890களில் எழுதி வைத்த அடையாளம் அது. இன்னமும் வார்டில் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பிறகு தோலில் சிறு துண்டு எடுத்து ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் 'ஃபிஷ்நெட் பேட்டர்ன்' என்று இருந்தது. மீன் வலை. மாமா மீன்பிடிக்கிறவர். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கண்ணி சின்னதா இருக்கே, சூடை வலை மாதிரி" என்றார். பச்சையாக ஒளிர்ந்த அந்த வலைதான் நோய்.

நோயின் பெயர் பெம்ஃபிகஸ் வல்காரிஸ். நம் மேல்தோலின் செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கின்றன. செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளும் கொக்கிகளில் ஒரு புரதத்தின் பெயர் டெஸ்மோகிளீன் 3. இன்னொன்று டெஸ்மோகிளீன் 1. வாயின் உட்தோலில் 3 தான் முக்கியம், அதனால்தான் பலருக்கும் நோய் வாயில் தொடங்குகிறது. கிருமியைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்புப் பொருள், ஏதோ குழப்பத்தில் இந்தக் கொக்கியையே கிருமி என்று நினைத்துப் போய் ஒட்டிக்கொள்கிறது. கொக்கி விடுபடுகிறது, இடையில் நீர் கோத்துக்கொள்கிறது, கொப்பளம். எதிர்ப்புப் பொருள் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒட்டியிருப்பதால்தான் படத்தில் வலை தெரிகிறது. அந்தப் பொருளைச் செய்து அனுப்புகிற பட்டறை, பி செல் என்ற வெள்ளை அணு வகை. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா மருத்துவமும் இந்தப் பட்டறையை மூடுவது பற்றித்தான்.

வார்டில் அத்தை படுத்திருந்த பதினெட்டு நாளில் எனக்கு மறக்காமல் இருப்பது வாழை இலை. முதல் நாள் பருத்திப் போர்வையில் படுத்தாள். மறுநாள் எழுப்பும்போது முதுகு போர்வையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் கத்தவில்லை, என் கையைக் கடித்தாள். தழும்பு இருக்கிறது. நர்ஸம்மா, "போய் நுனி கிழியாத இலையா நாலு வாங்கிட்டு வாங்க" என்றார். கழுவித் துடைத்து, பாரஃபின் எண்ணெய் தடவி, வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி விரித்து அதில் படுக்க வைத்தார்கள். இலை ஒட்டாது, குளிர்ச்சியாக இருக்கும், வாடினால் மாற்றிவிடலாம். தினமும் காலையில் இலை வாங்கப் போகிற எனக்கு மார்க்கெட்காரர் "எங்கண்ணே கல்யாணம்?" என்று கேட்டார். நானும் ஏதோ மண்டபத்தின் பெயரைச் சொல்லி வைத்தேன்.

மருந்துக்கு வருவோம். 1950களில் ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றும், ஆனால் சும்மா காப்பாற்றாது. அத்தைக்கு முகம் வட்டமாக ஊதியது, சர்க்கரை வந்தது, வைசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டு மாத்திரைப் பட்டையைப் பார்த்தாலே பசி எடுக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். அப்புறம் பல்ஸ். இது நம் நாட்டுக் கண்டுபிடிப்பு. டில்லி எய்ம்ஸில் பஸ்ரிச்சா என்ற தோல் மருத்துவர் 1980களின் தொடக்கத்தில் தொடங்கியது. 28 நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள் தொடர்ந்து 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அதில் ஒரு நாள் கூடவே 500 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து. நடுவில் தினம் அதே சைக்ளோபாஸ்பமைடில் ஒரு 50 மில்லிகிராம் மாத்திரை. இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்கள் இதில் எழுந்து நடமாடியிருக்கிறார்கள். அத்தைக்கு ஏழாவது பல்ஸில் ரத்த அணுக்கள் சரிந்ததால் நிறுத்தினார்கள்.

2023-இல் ரிட்டுக்ஸிமாப். பி செல்லின் மேல் இருக்கும் சிடி20 என்ற அடையாளத்தைப் பிடித்து அழிக்கும் ஊசி. பிரான்சில் 90 பேரிடம் செய்து 2017-இல் வெளியான சோதனையில், குறைந்த நாள் ஸ்டீராய்டோடு இதைப் போட்டவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு வருட முடிவில் மருந்தே இல்லாமல் நோயின்றி இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் 34 சதவீதம். மறு வருடமே அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. இந்தியக் கம்பெனி தயாரிப்பு 2007-லேயே வந்துவிட்டதால் நம்மாலும் தொட முடிகிற விலைக்கு இறங்கியிருக்கிறது. இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அப்போது பாம்பன் ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்கள், அதனால் அத்தை மதுரைக்குப் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனாள். நாலு மாதத்தில் தோல் மூடியது. ஒன்பதாவது மாதம் வாயில் ஒரு புண் எட்டிப் பார்த்தது. உப்புத் தண்ணீர் தொடங்கியது அந்த நாளில்தான்.

சரி, இப்போது செல் ஊசி.

2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி கடையை அடைத்துவிட்டுப் போனில் மேய்ந்துகொண்டிருந்தேன். ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கியார்க் ஷெட் குழுவினர் 15 பேருக்குக் கார்-டி செல், அதாவது அந்தச் செல் ஊசியை, கொடுத்து முடிவை வெளியிட்டிருந்தார்கள். எல்லாருமே உடம்பு தன்னையே தாக்கும் நோய்க்காரர்கள். பதினைந்து பேரும் நோயை அடக்கும் மருந்துகளை நிறுத்தியிருந்தார்கள். லூபஸ் இருந்த எட்டு பேருக்கும் நோயின் அடையாளமே இல்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பாம்பன் போனேன். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான்.

அத்தை வாசலில் பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கையை உதறிவிட்டுக் கேட்டாள்: "மருமகனே, அந்தப் பதினஞ்சு பேர்ல என் நோவு எத்தனை பேருக்கு?"

பாசி வியாபாரியிடம் தினமும் எடைக்கு மல்லுக்கட்டுகிறவள், எண்ணிக்கையில் அவளை ஏமாற்ற முடியாது. நான் போனை எடுத்து மறுபடி பார்த்தேன். லூபஸ் எட்டு. தசை அழற்சி மூன்று. தோல் இறுகிக் கல் போல ஆகும் ஸ்க்ளீரோசிஸ் நான்கு. கூட்டினால் பதினைந்து. பெம்ஃபிகஸ் பூஜ்யம்.

"அப்ப எனக்கு ஆகும்னு எப்படிச் சொல்லுற?" என்றாள். கோபமில்லை. பாசியைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் மாமாவிடம் உட்கார்ந்துதான் விளக்கினேன். நம் ரத்தத்தில் டி செல் என்று இன்னொரு வகை உண்டு, கெட்ட செல்களைக் கொல்லும் வகை. ரத்தத்தை ஒரு மெஷின் வழியாக ஓடவிட்டு அதை மட்டும் பிரித்து எடுக்கிறார்கள். ஆய்வகத்தில், தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸ் ஒன்றை வாகனமாக வைத்து, அந்த டி செல்லுக்குள் ஒரு புது மரபணுவை ஏற்றுகிறார்கள். அந்த மரபணுவால் டி செல்லின் மேல் ஒரு கொக்கி முளைக்கிறது. சிடி19 என்ற அடையாளம் உள்ள எந்த செல்லைக் கண்டாலும் அது மாட்டும். பி செல் எல்லாவற்றிலும் சிடி19 உண்டு. இதற்கிடையே நோயாளிக்குச் சில நாள் ஃப்ளூடரபின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகளைக் கொடுத்து உடம்பில் இடம் காலி செய்கிறார்கள். அத்தைக்குப் பல்ஸில் போன அதே சைக்ளோபாஸ்பமைடுதான், அளவு வேறு. அப்புறம் மாற்றிய செல்களை ஒரே தடவை ஏற்றுகிறார்கள். எர்லாங்கனில் கிலோவுக்குப் பத்து லட்சம் செல். ஐம்பது கிலோ அத்தைக்கு ஐந்து கோடி. உள்ளே போய் அது பல மடங்கு பெருகும்.

ரிட்டுக்ஸிமாபும் பி செல்லைத்தானே அழிக்கிறது, பிறகு என்ன வித்தியாசம்? ரிட்டுக்ஸிமாப் ரத்தத்தில் ஓடுவதைச் சுத்தம் செய்யும், ஆனால் நெறிகட்டும் இடங்களிலும் திசுக்களுக்குள்ளும் சில பதுங்கிக்கொள்ளும். டி செல் உயிருள்ளது, தானாக நகரும், பதுங்கிய இடத்துக்கே தேடிப் போகும். எர்லாங்கன் நோயாளிகளுக்குச் சராசரியாக நாலு மாதத்துக்குள் பி செல்கள் மறுபடி வந்துவிட்டன. ஆனால் வந்தவை இன்னும் எதையும் பழகாத புதுசு. தப்பாகப் பழகிய பழையவை வரவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். நோயை அடக்கி வைப்பது வேறு, நோயின் ஞாபகத்தையே துடைப்பது வேறு.

மாமா கேட்டுவிட்டு, "அப்ப இது ரெட்டை மடி" என்றார். எங்கள் பக்கம் வராதவர்களுக்கு: இரண்டு விசைப்படகுக்கு நடுவில் ஒரே மடி வலையைக் கட்டி இழுப்பது. குஞ்சு, முட்டை, சங்கு, பாசி எதுவும் மிஞ்சாது, அதனால் தடை செய்யப்பட்டது. "ஒரு திருட்டு மீனுக்காக மொத்தத்தையும் வாருறாக. தூண்டில் போட முடியாதா?"

முடியும் என்று ஒருத்தர் ஏற்கனவே போட்டுப் பார்த்திருந்தார். அதைத்தான் அடுத்த வாரம் முழுக்கப் படித்தேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஐமி பெய்ன், மைக்கேல் மிலோன் குழு 2016-இல் வெளியிட்டது. அவர்கள் டி செல்லின் மேல் கொக்கிக்குப் பதிலாக இரையை வைத்தார்கள். இரை எது? டெஸ்மோகிளீன் 3-இன் துண்டு. எந்த பி செல் டெஸ்மோகிளீனுக்கு எதிராகப் பொருள் செய்கிறதோ, அது மட்டும்தான் அந்த இரையைக் கவ்வும். கவ்வியது செத்தது. மற்ற பி செல்களை அது தொடாது, நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் சண்டை போட அவை அப்படியே இருக்கும். அதுவும் என் அத்தையின் நோய்க்கே செய்தது, வேறெதற்கும் இல்லை. எலிகளில் வேலை செய்தது. 2020-இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது.

கதை இங்கே இனிப்பாக முடிந்திருந்தால் நான் மறுபடி முதல் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். சோதனையில் முதலில் சிறு அளவு, அப்புறம் கொஞ்சம் அதிகம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை. ஆனால் நோய் அடங்கியதற்குத் தெளிவான அடையாளமும் இல்லை. உடம்பில் இடம் காலி செய்யும் மருந்து கொடுக்காமல் தொடங்கியதால் செல்கள் போதிய அளவு பெருகவில்லையோ, ரத்தத்தில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் எதிர்ப்புப் பொருளே முந்திக்கொண்டு இரையை மூடிவிடுகிறதோ என்றெல்லாம் யோசித்தார்கள். கூடவே வேறு மருந்து சேர்த்துப் பார்த்தார்கள். கடைசியில் அந்தக் குழுவின் கம்பெனி கவனத்தைச் சிடி19 பக்கம் திருப்பிவிட்டது. இப்போது பெம்ஃபிகஸ்காரர்களிடம் சிடி19 செல்லை, அதுவும் முன்கூட்டிய கீமோ இல்லாமல், சோதிக்கிறார்கள். தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு மடிக்கே திரும்பினார்கள் என்று மாமாவிடம் சொன்னேன். "இரை நல்லா இருந்தா மட்டும் பத்தாதுப்பா, நீரோட்டம் பாக்கணும்" என்றார்.

எனக்கு அந்தச் செய்தி பல நாள் மனசில் உறுத்தியது. அவ்வளவு அழகான யோசனை! ஆனால் கடையில் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். முதல் கட்டச் சோதனை 'குணமாகுமா' என்று கேட்பதில்லை, 'இதைக் கொடுத்தால் ஆளுக்கு என்ன ஆகும், எவ்வளவு கொடுக்கலாம்' என்றுதான் கேட்கிறது. கேட்டதற்கு அந்தச் சோதனை பதில் சொல்லிவிட்டது. அதில் சேர்ந்த பெம்ஃபிகஸ்காரர்களும் அத்தையைப் போலவே கஞ்சி குடித்தவர்கள்தானே. தங்களுக்குப் பலன் கிடைக்காத ஒரு பதிலை அடுத்தவருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜெர்மனிச் செய்தியை என்னைப் போல வாட்ஸப்பில் தள்ளிவிடுகிறவர்கள் யாரும் இவர்களைப் பற்றித் தள்ளிவிடுவதில்லை.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள மருந்து என்றதும் அத்தைக்கு உடனே நினைவு வந்தது கப்பாபைகஸ் பாசி. 1990களில் மண்டபத்தில் மத்திய அரசின் கடல் ஆய்வு நிலையத்தில் சோதனையாக வளர்த்துப் பார்த்த வெளிநாட்டுப் பாசி அது. ஒரு குளிர்பானக் கம்பெனி ஒப்பந்தம் போட்டு வளர்க்க வைத்ததால் எங்கள் ஊரில் அதற்கு அந்தப் பானத்தின் பெயரே நிலைத்துவிட்டது. மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டித் துண்டு துண்டாக முடிந்து விட்டால் நாற்பத்தைந்து நாளில் நாலு மடங்கு. பல பெண்கள் அதில் காசு பார்த்தார்கள், அத்தையும் இரண்டு வருடம் பார்த்தாள். 2008-இல் குருசடைத் தீவுப் பக்கம் அது பவளப்பாறை மேல் படர்ந்து மூடியிருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு துணுக்கு உடைந்து போனாலும் போன இடத்தில் வளரும். "மாத்திரைன்னா நிறுத்திக்கலாம். வளர்றதை எப்படி நிறுத்துறது?" என்று அத்தை கேட்டாள். இதே கேள்வியைத்தான் ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நிறுத்தச் சில வழிகள் உண்டு. 2012-இல் பிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய்க்காக, குழந்தைகளில் முதன்முதலாக இந்த செல்களை ஏற்றியபோது, செல்கள் பெருகிய வேகத்தில் காய்ச்சல் எகிறி, ரத்த அழுத்தம் விழுந்து, சாவின் விளிம்புக்குப் போனாள். அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது டோசிலிசுமாப், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மருந்து. இன்று அது இந்த சிகிச்சை நடக்கும் இடத்தில் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். எர்லாங்கன் ஆட்களுக்குப் பெரும்பாலும் லேசான காய்ச்சலோடு போய்விட்டது. புற்றுநோய்க்காரர்களைவிட இவர்கள் உடம்பில் அழிக்க வேண்டிய செல்கள் குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் 2024 ஜனவரியில், மாற்றிய டி செல்லே அபூர்வமாகப் புற்றாக மாறலாம் என்ற எச்சரிக்கையை மருந்து உறையிலேயே அச்சிடச் சொன்னது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. ரத்தப் புற்றுநோயில் சாகக் கிடப்பவருக்கு அந்தக் கணக்கு வேறு. உப்பில்லாத கஞ்சி குடித்தாவது உயிரோடு இருக்கிற அத்தைக்கு வேறு. தோல் நோய்க்கு இதைச் சோதிப்பதில் உள்ள முள் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

காசு. 2023 அக்டோபரில் இந்தியாவின் சொந்தக் கார்-டி, நெக்ஸ்கார்19, அனுமதி பெற்றது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து வளர்த்தது. வெளிநாட்டில் கோடிகளில் போகிற சிகிச்சை இங்கே முப்பது, நாற்பது லட்சத்துக்கு வந்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அது ரத்தப் புற்றுநோய்க்கு. தோல் நோய்க்கு அந்த அனுமதி செல்லாது. நாற்பது லட்சம் என்று சொன்னதும் அத்தை கிலோ கணக்கில் பாசிக்கு மாற்றிப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

விலை இறங்க இன்னொரு வழியும் சோதனையில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அவரவர் செல்லை எடுத்துத் தைப்பதற்குப் பதிலாக, ஆரோக்கியமான ஒருவரின் செல்லை எடுத்து, உடம்பு விரட்டாதபடி மரபணுவைத் திருத்தி, பலருக்குக் கொடுப்பது. சீனாவில் அப்படி மூன்று பேருக்குக் கொடுத்து 2024-இல் எழுதினார்கள். அதில் இரண்டு பேர் தோல் இறுகும் நோய்க்காரர்கள். தையற்கடைச் சட்டைக்கும் ரெடிமேடுக்கும் உள்ள வித்தியாசம்.

கொல்லவே வேண்டாம், சமாதானம் செய்வோம் என்று ஒரு கூட்டமும் உண்டு. எனக்குப் பிடித்தது இது. 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தானாகவே ஒரு எலி வகை பிறந்தது. தோல் செதில் செதிலாக உதிரும், சில வாரத்தில் செத்துப்போகும். மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001-இல் அதன் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஷிமோன் சகாகுச்சி 1995-இலேயே கண்டு சொன்ன ஒருவகை டி செல், மற்ற டி செல்களை "சும்மா இரு" என்று அடக்கி வைக்கும் வகை, அந்த எலியிடம் சரியாக உருவாகவில்லை. மூவருக்கும் 2025-இல் நோபல் கிடைத்தது. அந்த அடக்கும் செல்லை நோயாளியிடமிருந்து எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, திருப்பிக் கொடுத்துப் பார்க்கும் சோதனையைச் சான்பிரான்சிஸ்கோவில் பெம்ஃபிகஸ்காரர்களிடமே சிறிய அளவில் செய்திருக்கிறார்கள். நோபல் செய்தி வந்த அன்று அத்தைக்குப் போன் செய்து எலிக் கதையை மட்டும் சொன்னேன். மருந்து என்ற வார்த்தையை எடுக்கவில்லை. ஒரு தடவை பட்டது போதும்.

கடைக்கு வந்து கேட்கிறவர்களுக்கு ஒன்று. சென்ற மாதம் ஒருவர், "செல் சிகிச்சை சோதனை, அஞ்சு லட்சம் கட்டினால் சேர்க்கிறோம்" என்று ஒரு இடத்தில் கொடுத்த நோட்டீஸைக் கொண்டு வந்தார். பெயரை நான் எழுதப் போவதில்லை. சோதனை என்றால் சோதிக்கும் மருந்துக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனை எதுவும் சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும், 2009-இலிருந்து கட்டாயம். யாரும் போய்ப் பார்க்கலாம். உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதிய ஒப்புதல் தாள் கொடுக்க வேண்டும், பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. அந்த நோட்டீஸில் பதிவு எண்ணே இல்லை. அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். கட்டிவிட்டாரோ என்னவோ தெரியாது.

பொங்கலுக்குப் பாம்பன் போயிருந்தபோது அத்தையிடம் நேராகவே கேட்டேன். நாளைக்கு மதுரையிலேயே இந்தச் சோதனை வந்தால் சேருவாயா?

கொஞ்ச நேரம் விரலில் துணியைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கடலுக்குப் போகக் கூடாது, விரலில் வெட்டு விழுந்தால் சீழ் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் போகிறாள். துணியை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றிக்கொள்கிறாள், அவ்வளவுதான் டாக்டருக்குக் கொடுத்த மரியாதை.

"ஆஸ்பத்திரியில எத்தனை நாளு?"

இரண்டு வாரமாவது இருக்கும், அப்புறமும் அடிக்கடி போக வேண்டும் என்றேன்.

"ஏப்ரலுக்கு மேலன்னா வர்றேன். அப்ப பாசி எடுக்க மாட்டோம், சும்மாதான் இருப்பேன்." பிறகு, "எனக்கு முன்னாடி எத்தனை பேருக்குப் போட்டாக, எத்தனை பேருக்கு எரியலைன்னு அந்தத் தாள்ல எழுதியிருப்பாகளா? அதை மொதல்ல படிச்சுச் சொல்லு. ஜெர்மனிக்காரக கதை வேணாம்."

இன்று காலை ஆறேகாலுக்குப் போன் வந்தது. அந்த நேரத்துக்கு அவள் பெயர் திரையில் வந்தால் எனக்கு வயிறு கலங்கும். எடுத்ததும், "எரியல, எரியல, பயப்படாத" என்றாள். கண்ணாடி வார் அறுந்துபோயிற்றாம். ராமநாதபுரத்தில் நல்ல ரப்பர் வாராகப் பார்த்து, வைசோலோன் பட்டையோடு சேர்த்துப் பஸ்ஸில் கொடுத்து அனுப்ப வேண்டுமாம். நாளைக்கு அமாவாசை.